பேசாத கலைஞரின் சுவைஞர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், பெரியபாளையத்தில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் கூடிய அவையில் ஆங்கில நாட்டு நடிகர் ஒருவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்தது சார்லி சாப்ளினைப் பற்றி மட்டுமன்று. அவருடைய சுவைஞர்களைப் பற்றியும்தான். அச்சுவைஞர்களில் பலர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

சுவைஞர் என்றதும் தமிழ்நாட்டில் நம் கண்முன் வருவது ரசிகர் மன்றம். வானளாவிய உருவப்படம், அதற்கு மாலை, பாலாபிடேகம், முதல்நாள் முதற்காட்சிக்கு நள்ளிரவிலிருந்து வரிசை. நடிகரை ஆட்சிப்பீடம் வரை ஏற்றிய சுவைஞர் கூட்டம் நம்முடையது. சாப்ளினுக்கு இவை எவையும் இங்கு இல்லை. அவரால் நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அவருக்கும் நம்மால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று இலண்டனில் பிறந்து, 1977ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று சுவிட்சர்லாந்தில் மறைந்த அந்த மனிதரை ஆரணியாற்றங்கரையில் நாம் ஏன் இன்னும் நினைக்கிறோம்? எதைக் கொண்டு நினைக்கிறோம்?

நம் வட்டத்து அன்பர்கள் பலரிடம் இதே வினாவைக் கேட்டேன். சாப்ளின் என்றதும் உங்கள் நினைவிற்கு வருவது என்ன என்றேன். ஒருவர் கூறினார்: பசிக்குச் செருப்பை வேகவைத்து, அதன் கயிற்றை இடியாப்பம்போல் சுற்றி உண்ட காட்சி. அது 1925ஆம் ஆண்டின் 'தி கோல்டு ரஷ்'. இன்னொருவர் கூறினார்: பார்வை பெற்ற பூக்காரப் பெண், தனக்கு உதவியவன் இந்தக் கந்தல்காரன்தான் என்பதைக் கையைத் தொட்டு அறிந்துகொண்ட காட்சி. அது 1931ஆம் ஆண்டின் 'சிட்டி லைட்ஸ்'. மற்றொருவர் ஒன்றும் கூறவில்லை. எழுந்து, பாதங்களை அகலத் திருப்பி நான்கு அடி நடந்து காட்டிவிட்டு அமர்ந்தார்.

ஒருவர்கூட ஒரு வசனத்தைக் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். நம் திரைநாயகர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் மறுமொழி வேறாக இருந்திருக்கும். 1952இல் வந்த 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தையும், 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்ம'னின் வசனத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்போர் நம் ஊர்தோறும் உண்டு. அது நம் செல்வம். அதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. எனினும் வேறுபாடு நோக்கத்தக்கது. நம் நாயகர்களை நாம் செவியால் நினைவில் வைத்தோம். சாப்ளினைக் கண்ணால் நினைவில் வைத்தோம்.

இந்த வேறுபாடு தொடங்கிய ஆண்டு என்று 1931ஐக் கூறலாம். அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளிவந்தது; தமிழ்த் திரை வாய்திறந்தது. ஊமைப்படக் காலத்தில் திரைக்கருகே நின்று கதையை உரக்க விளக்கிச் சொல்லிவந்தவருக்கு வேலை போயிற்று. அதே ஆண்டு சனவரியில்தான் சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' அமெரிக்காவில் திரைக்கு வந்தது. உலகமே பேசும்படத்திற்கு மாறிவிட்ட வேளையில், இசையை மட்டும் சேர்த்துக்கொண்டு பேச்சை மறுத்தார் அவர். அந்தக் கந்தல்காரன் ஆங்கிலம் பேசிவிட்டால் ஆங்கிலேயனாகவோ அமெரிக்கனாகவோ ஆகிவிடுவான். பேசாதவரை அவன் எல்லா ஊருக்கும் உரியவன். இதை அவர் நன்கறிந்திருந்தார்.

1936இல் 'மாடர்ன் டைம்ஸ்' வந்தது. அதன் இறுதிப் பகுதியில்தான் உலகம் முதன்முறையாகத் திரையில் அவர் குரலைக் கேட்டது. பாட்டின் அடிகளை எழுதிவைத்திருந்த சட்டைக் கைப்பட்டை பறந்துபோய்விட, எம்மொழியும் அல்லாத சொற்களைக் கோத்து அவர் பாடுகிறார். பொருள் அவ்வளவும் கைச்சாடையிலேயே விளங்கிவிடுகிறது. சொல்லை நம்பி வாழும் கவிஞர்களாகிய நாம் அந்தக் காட்சியைச் சற்று அச்சத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சாப்ளினின் நகைச்சுவையைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. குழந்தைகளுக்குரிய குறும்பு அது என்பது ஒன்று. சிரிப்பைப் போர்த்திய சோகம் அது என்பது மற்றொன்று. இவ்வழக்கைத் தொல்காப்பியர் முன் வைத்தால் எளிதில் தீர்ந்துவிடும். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது அவர் நகையை முதலில் வைத்து, அழுகையை அதனை அடுத்தே வைத்தார். பேதைமையும் மடமும் எள்ளலும் இளமையும் நகை பிறக்கும் இடங்கள் என்றார். அழுகை பிறக்கும் இடங்களுள் இழிவையும் இழப்பையும் வறுமையையும் சேர்த்தார். வறியவனுடைய பேதைமையைக் காட்டுவதுதானே சாப்ளினின் கலை? அடுத்தடுத்த இரு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் அந்தச் சுவரின்மேல் நடந்தவர்.

அந்த நடையை அவருக்குக் கற்பித்தது அவருடைய இளமை. தாய் ஹன்னா மேடைப் பாடகி. ஒருநாள் மேடையில் அவருக்குக் குரல் உடைந்துவிட, ஐந்து வயது மகன் மேடையேறிப் பாடினான். அவையோர் காசுகளை வீசினார்கள். காசைப் பொறுக்கிய பின் பாடுகிறேன் என்று சிறுவன் பாட்டை நிறுத்திவிட, அவை சிரித்தது. தாய்க்கு வாழ்வு முடிந்த மேடையிலேயே மகனுக்கு வாழ்வு தொடங்கிற்று. ஏழு வயதில் இலண்டன் இலாம்பெத்தின் ஏழையர் விடுதி. பின்னர்த் தாய்க்கு மனநோய், மருத்துவமனை.

1964இல் வெளிவந்த தன்வரலாற்றில் வேறொரு நிகழ்ச்சியையும் அவர் எழுதியிருக்கிறார். கொல்களத்திற்கு ஓட்டிச் செல்லப்பட்ட ஆடு ஒன்று தப்பித் தெருவில் ஓடியது. துரத்துவோர் தடுக்கி விழ, ஒருவர்மேல் ஒருவர் மோத, தெருவே சிரித்தது, சிறுவனும் சிரித்தான். ஆடு பிடிபட்டது. அது எங்கே கொண்டுபோகப்படுகிறது என்பது உறைத்ததும் தாயிடம் ஓடி அழுதான். தம் பிற்காலப் படங்களின் வித்து அந்த நிகழ்ச்சியில் இருந்திருக்கலாம் என்று அவரே கருதினார். ஆடித் திங்களில் நேர்த்திக்கடனுக்கு ஆட்டைக் கயிற்றில் பிடித்துவருவோரைக் காணும் இவ்வூரார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்த் திரை சாப்ளினை எப்படி ஏற்றது என்பதையும் சிறிது நோக்குவோம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைச் சாப்ளினோடு ஒப்பிடுவது வழக்கம். சிரிப்போடு சிந்தனையும் தந்தமையால் அந்த ஒப்புமை பொருந்தும். ஆனால் கலைவாணரின் படைக்கலம் சொல்லும் பாட்டும். உடலையே மொழியாக்கியதில் ஜே.பி.சந்திரபாபு நெருங்கி நின்றார். நாகேசு இன்னும் நெருங்கினார். 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' என்றதும் நம் நினைவிற்கு வருவது வசனமன்று. கைமேல் கோபுரமாக அடுக்கிய தம்ளர்களோடு மேசைகளுக்கு நடுவே அவர் வளைந்து வரும் காட்சி. காதலையும் தாயையும் இழந்தவன் ஊரைச் சிரிக்கவைக்கும் கதை அது. 1986இல் கே.பாலசந்தரின் 'புன்னகை மன்ன'னில் கமல்ஹாசன் சாப்ளின் செல்லப்பாவாகவே தோன்றினார். அந்தப் பாத்திரமும் தன் துயரை மறைத்துப் பிறரைச் சிரிக்கவைப்பதுதான். பின்னர் 2002இல் 'சார்லி சாப்ளின்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்ப்படம் வந்தது; அதில் அவர் பெயர் சிரிப்பிற்கு ஓர் அடையாளச் சீட்டு, அவ்வளவே. பெயர் தங்கிவிட்டது, பசி உதிர்ந்துவிட்டது.

பசி உதிராமல் நினைவுகூர்ந்தோரும் நம் நாட்டில் உண்டு. குஜராத்தின் கச்சுப் பகுதியில் ஆதிப்பூர் என்றோர் ஊர். பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்தி மக்களின் குடியேற்றத்திற்காக எழுந்தது. அங்கே அசோக் அஸ்வானி என்பவர், 1966இல் அலுவலகம் செல்லும் வழியில் 'தி கோல்டு ரஷ்' சுவரொட்டியைக் கண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். அதனால் வேலையையே இழந்தார். பின்னர் ஆயுர்வேத மருத்துவரான அவர் 1973இல் சாப்ளின் பெயரால் ஒரு வட்டத்தைத் தொடங்கினார். சாப்ளின் பிறந்தநாளில் சிறுவரும் பெரியோரும் வட்டத்தொப்பியும் கைத்தடியும் ஒட்டுமீசையுமாக ஊர்வலம் வருவது அங்கே வழக்கமாயிற்று. தம்மிடம் வரும் நோயாளிகளுக்கு மருந்தோடு சாப்ளின் படங்களையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார் அந்த மருத்துவர். வீடற்றவனின் கதையை, வீடிழந்தோரின் ஊர் தன் கதையாக ஏற்றுக்கொண்டது. சுவைஞர் என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் அன்பு மிகும்போது நினைவு பொய்யையும் சேர்த்துக்கொள்கிறது. சாப்ளின் வேடப் போட்டி ஒன்றில் சாப்ளினே கலந்துகொண்டு தோற்றார் என்ற கதையை நம் மேடைகளில் கேளாதார் இல்லை. ஒருவர் அவருக்கு இரண்டாம் இடம் தருவார், மற்றொருவர் மூன்றாம் இடம் தருவார். உறுதியான சான்று காட்டுவார் எவருமில்லை. அவர் சொல்லாத பொன்மொழிகளும் அவர் படத்தின்கீழ் அச்சாகி உலவுகின்றன. பேசாதவரின் வாயில் சொற்களைத் திணிப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

நினைவு மறைத்துவிடும் செய்திகளும் உண்டு. அவர் முதலில் மணந்த இரு பெண்களும் மணநாளில் பதினாறு வயதினர். முதல் மணத்தின்போது அவருக்கு வயது 29, இரண்டாம் மணத்தின்போது 35. எளியவனைத் திரையில் அவ்வளவு கனிவோடு காட்டியவர், வீட்டில் எளிய பெண்களிடம் அந்தக் கனிவோடு நடந்தாரில்லை. இதைச் சொன்னால் நம் சுவைஞர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வழிபடுவோர்க்குத்தான் இவ்வுண்மை இடையூறு. சுவைப்போர்க்கு இது தெரிந்தாக வேண்டும். 1952இல் அமெரிக்கா அவருக்குக் கதவடைத்ததையும், 1972இல் அதே நாடு அழைத்துச் சிறப்பு ஆஸ்கர் அளித்து எழுந்துநின்று கைதட்டியதையும் கூறுகின்ற நாம், அவரால் துன்புற்றோரையும் ஒருசேரக் கூறுவதே நேர்மை.

நிறைவாக, நம் மண்ணிற்கு வருகிறேன். 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று இலண்டனின் உழைப்பாளர் குடியிருப்புப் பகுதி ஒன்றில் சாப்ளினும் காந்தியடிகளும் சந்தித்தார்கள். எந்திரத்தை ஏன் வெறுக்கிறீர்கள் என்பதே சாப்ளினின் வினா. எந்திரத்தால் இந்தியா இங்கிலாந்தை நம்பி வாழும் நிலைக்கு ஆளாயிற்று என்று விளக்கினார் அடிகள். ஐந்தாண்டுகளுக்குப்பின் 'மாடர்ன் டைம்ஸ்' வந்தது. ஓடும் பட்டையின்முன் நின்று திருகாணி முடுக்கியே கை இழுத்துக்கொண்ட தொழிலாளி. அவனுக்குச் சோறூட்டும் நேரத்தையும் மிச்சப்படுத்த வந்து அவனையே அறையும் எந்திரம். கழிப்பறையிலும் திரையில் தோன்றி விரட்டும் முதலாளி.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையொன்றில் பணிபுரியும் நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர் அப்படத்தைப் பார்த்தபின் கூறிய கருத்து இது: "பட்டையை விட்டு விலகிய பிறகும் அவன் கை முடுக்கிக்கொண்டே இருக்கிறதே, அங்கே எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவுப்பணி முடிந்து படுத்தால் என் கையும் அப்படித்தான் துடிக்கும்." எத்தனையோ திறனாய்வுகள் சொல்லாததை அந்த ஒரு கூற்று சொல்லிவிட்டது.

இன்று அந்த ஆலைகளில் தமிழரோடு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தோர் வேலை செய்கிறார்கள். நாம் உழைப்பாளரைப் பற்றிக் கவிதை எழுதுகிறோம். மே நாளில் கவியரங்கம் நடத்துகிறோம். அக்கவிதையை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? நம் மொழி அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. மொழியால் முடியாத இடத்தில் சாப்ளின் நமக்கு உதவக்கூடும். ஆகவே, வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாக ஒன்றை முன்மொழிகிறேன். ஏப்ரல் 16ஆம் நாள் மாலையில், திறந்த வெளியில் ஒரு வெண்திரை கட்டி, 'மாடர்ன் டைம்ஸ்' படத்தைக் கட்டணமின்றிக் காட்டுவோம். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நாமே சென்று அழைப்போம். தலைமையுரை வேண்டா, வாழ்த்துரை வேண்டா. ஒடியரும் தமிழரும் ஒரே இடத்தில் சிரிப்பதையும், ஒரே இடத்தில் சிரிப்பை நிறுத்துவதையும் நம் கவிஞர்கள் ஒரு மூலையில் அமர்ந்து பார்க்கட்டும். எங்கே சிரிப்பு நிற்கிறதோ, அங்கே அவர்களுக்குரிய பாடுபொருள் கிடைக்கும்.

பேசாத ஒருவரைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டேன்.