எச்சரிக்கையும் காணியும்

பூகம்பம் சொல்லாமல் வருவது. மண்சரிவு பெரும்பாலும் சொல்லிவிட்டே வருகிறது. மலைச்சரிவில் வெடிப்பு ஓடும், தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துச் சுவர் பிளக்கும், மரம் சாயும், புதிய இடத்தில் சேற்றுநீர் கசியும். பாறைமேல் படிந்த தளர்ந்த மண் நாட்கணக்கில் மழையைக் குடிக்கும்போது, உள்ளே ஏறும் நீரின் அழுத்தம் மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. இதை அறியாத நாடல்ல நம்முடையது. 1986 மண்சரிவுகளுக்குப் பிறகு, பதுளையிலும் நாம் கூடியிருக்கும் இந்த நானுஓயா அடங்கிய நுவரெலியா மாவட்டத்திலும் ஆபத்து வலயங்களை வரைபடமாக்கும் பணி தொடங்கியது. அறிந்திருந்தும் நம் மக்கள் புதைந்து போனதற்கு முதற்காரணம், லயத்தில் வாழ்பவருக்குச் சொந்தக் காணி இல்லாததே என்பது என் வாதம்.

கொஸ்லந்தை மீரியபெத்தையை எடுத்துக்கொள்வோம். 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். பெற்றோரை இழந்தவர்களும் அவர்களில் இருந்தனர். காணாமற்போன பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்த இடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டதோ 2016இல். இறப்புக்குப் பின் கிடைத்த காணி, முதல் எச்சரிக்கையோடு கிடைத்திருக்க முடியாதா?

சொல்லியும் மக்கள் எழும்பவில்லையே என்பார்கள். எங்கே எழும்புவது? விடிந்தால், வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பெயர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. பாடசாலை மண்டபத்தில் சில நாள் தங்கலாம், மழை விட்டதும் அதே லயக் காம்பராவுக்குத்தான் திரும்ப வேண்டும். இதைப் பிடிவாதம் என்பது அநியாயம். தேயிலைக் காணியைப் பிரித்தால் தொழில் நலியும் என்பது இன்னொரு மறுப்பு. அதைக் கணக்கால் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றால் 75 குடும்பங்களுக்கு 525 பேர்ச்சஸ், அதாவது மூன்றேகால் ஏக்கர். பாதையும் கானும் சேர்த்தாலும் ஐந்து ஏக்கருக்குள் அடக்கிவிடலாம். 1970களில் அரசுடைமையான தோட்டங்களைக் கம்பனிகள் குத்தகைக்கே வைத்திருக்கின்றன. காணி இன்னமும் அரசினுடையது.

உரிமை கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2001 ஜனவரி 26இல் குஜராத்தின் கச்சுப் பகுதியைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்ட அந்தப் பேரழிவுக்குப் பின், பெரும்பாலான வீடுகளை உரிமையாளர்களே கட்டினார்கள். அரசு தவணையாகப் பணம் தந்தது. வீட்டுரிமை கையில் இருந்ததால் நிவாரணம் நேராக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. லயத்துக் குடும்பத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இடிந்த காம்பரா தோட்டத்தினுடையது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சரித்துப் போட்டபோதும் அதே கேள்விதான் எழுந்தது: வீட்டை எங்கே கட்டுவது? ஆகவே நான் கேட்பது இது: ஆபத்து வலயம் எனக் கண்டறியப்பட்ட ஒவ்வொரு லயத்துக்கும், எச்சரிக்கைக் கடிதத்தோடு, அதே தோட்டத்தில் ஆய்வு செய்து பாதுகாப்பானதெனக் கண்ட காணியின் வரைபடத்தையும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதிய காணி உறுதியையும் கொடுக்க வேண்டும்.