கல்லின் அணிவகுப்பு



சென்ற தவணையில், புவியியற் பாடத்தின்போது ஒரு படத்தை மாணவர்க்குக் காட்டினேன். வட அயர்லாந்தின் அன்றிம் கடற்கரையில் ஏறத்தாழ 40,000 கற்றூண்கள் நெருங்கி நிற்கும் காட்சி அது. "ஐயா, ஈயப் பட்டாளப் பொம்மைகளைப் போல நிற்கின்றனவே!" என்றான் ஒரு சிறுவன். வகுப்பே சிரித்தது, நானும் அவனை அதட்டி அமர்த்தினேன். அன்றிரவு சிந்தித்தபோதுதான் என் பிழை புலனாயிற்று.

இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் 1893இல் உள்ளீடற்ற ஈயவீரரை வார்க்கத் தொடங்கினர். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றுவர். அச்சைத் தொட்ட ஈயம் முதலில் உறையும். உள்ளே எஞ்சிய குழம்பை வெளியே ஊற்றிவிடுவர். பசால்ற்றுப் பாறையும் முன்னர்க் குழம்பாய் இருந்ததே. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு புறத்திலிருந்து குளிர்ந்தது; குளிர்ந்தபோது சுருங்கிற்று; சுருங்கியபோது பிளந்தது. அப்பிளவுகள் உள்நோக்கி வளர்ந்து, பெரும்பாலும் அறுகோணமான தூண்களைப் பிரித்தன.

வேற்றுமையும் உண்டு. ஓர் அச்சில் வார்த்த வீரர் யாவரும் ஒருவரையொருவர் ஒப்பர். தூண்களுக்கோ அச்சுமில்லை, ஆணையிடுவாருமில்லை. ஐந்து பக்கமுடையனவும் ஏழு பக்கமுடையனவும் அவற்றிடையே நிற்கின்றன. ஆயினும் அணி குலையவில்லை.

பள்ளிக்கூடத்தை ஓர் அச்சாகவே கருதிவந்த எனக்கு இது பாடமாயிற்று. மறுநாள், வகுப்பின் முன்னிலையில் அச்சிறுவனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.