பள்ளியைத் தேர்தல்

(மகாவீர் ஜெயந்தி விழாவில், வ. புதுப்பட்டியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டு என் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. என் பேத்திக்கு ஐந்து வயது நிறைந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. அவளை முதல் வகுப்பில் எங்கே சேர்ப்பது? ஊருக்கு அருகில் ஒரு மெட்ரிக் பள்ளி. அங்கே நாள்தோறும் வீட்டுப்பாடம், வாரந்தோறும் தேர்வு. கிருஷ்ணன்கோவிலைக் கடந்து வேனில் சென்றால் புதுமுறைப் பள்ளி ஒன்று. அங்கே தேர்வில்லை, குழந்தைகள் செய்து பார்த்துக் கற்கிறார்கள். மருமகனார் முன்னதையும், மகள் பின்னதையும் விரும்பினர். "மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்று தீர்ப்பை என்னிடம் விட்டனர்.

பள்ளி என்னும் சொல்லே நம் முன்னோரோடு தொடர்புடையது. சமணத் துறவியர் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. அங்கு நிகழ்ந்த கற்பித்தலால் பள்ளிக்கூடம் என்ற பெயர் வந்தது என்பர் அறிஞர். இராசபாளையத்திற்குத் தென்கிழக்கே உள்ள கழுகுமலைக்குச் சென்றவர்கள் பாறையில் பொறித்த பெயர்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் குரவரும் உளர், குறத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியரும் உளர், மாணாக்கரும் உளர். இன்னாருடைய மாணாக்கர் இவர் என்றே கல் பேசுகிறது. ஆசிரியரே அன்று ஒருவருடைய கல்விக்கு முகவரி.

புதுமுறை என்பதும் நேற்று வந்ததன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் உரோம் நகரின் ஏழைக் குழந்தைகளுக்காகத் தம் முதல் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் 2007 முதல் செயல்வழிக் கற்றல் பரவியது. அட்டைகளும் ஏணிப்படிகளும் கொண்டு, தரையில் வட்டமாய் அமர்ந்து, குழந்தை தன் வேகத்தில் முன்னேறும் முறை அது. ஆகவே, பணம் படைத்தோர்க்கே உரியது புதுமுறை என எண்ண வேண்டா.

பழைய முறைக்கும் சிறப்பு உண்டு. மனனம் செய்த வாய்பாடு முதுமையிலும் கைவிடாது. ஒழுங்கான எழுத்துப் பயிற்சி கையை மட்டுமன்றி மனத்தையும் நிலைநிறுத்தும். ஆனால் மதிப்பெண்ணே குறிக்கோளானால் அது திரிந்துவிடும். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் நடத்திய பள்ளிகள் பெருகியதால்தான், 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு கொணர்ந்தது.

இங்கே என் பிழையையும் ஒளிக்காமல் கூறுகிறேன். என் மகனை வெளியூர் விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தேன். மதிப்பெண் வந்தது. ஆனால் சிறுவயதில் ஓயாது வினாத் தொடுத்தவன், திரும்பி வந்தபின் எதையும் வினவுவதை விட்டுவிட்டான். "அங்கே கேட்டால் நேரம் வீணாகும் என்பார்கள், அப்பா" என்றான். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது. அதே வேளையில், புதுமுறை எனப் பெயர் தாங்கிய பள்ளியில் நான்காண்டு பயின்றும் தமிழில் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க இயலாத உறவினர் குழந்தையையும் கண்டிருக்கிறேன்.

எனவே மூவரும் ஒரு சாதாரண நாளில் இரு பள்ளிகளையும் நேரில் கண்டோம். தவறு செய்த குழந்தையை ஆசிரியர் எவ்வாறு நடத்துகிறார் என்று நோக்கினோம். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாகப் பணியில் நிலைத்துள்ளனர், ஐந்தாம் வகுப்புக்குப் பின் குழந்தை எங்கே செல்லும், தமிழ் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்று கேட்டோம். கல்வி உரிமைச் சட்டம், 2009, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்துவதையும், உடல் தண்டனையையும் தடை செய்கிறது. இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். மேல்வகுப்புகளுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு எந்நேரம் வரை என்றும் வினவினோம். பொழுது சாயுமுன் உண்ணும் நம் இல்லங்களுக்கு அது சிறிய வினா அன்று.

அருகிலிருந்த மெட்ரிக் பள்ளியில் ஒரு காட்சி கண்டோம். கழித்தல் கணக்கைத் தவறாகப் போட்ட சிறுவனின் அருகில் ஆசிரியை தரையில் அமர்ந்து, புளியங்கொட்டைகளை எண்ணச் செய்து, பிழையை அவனே காணும்வரை காத்திருந்தார். மகள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியை அங்கேயே சேர்த்தோம். வேனில் கழிந்திருக்கும் நேரம் இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் கதையாகவும் விளையாட்டாகவும் கழிகிறது.

இம்முடிவு எல்லார்க்கும் பொருந்தும் என்று கூறேன். அந்த ஆசிரியை புதுமுறைப் பள்ளியில் இருந்திருந்தால் நாங்கள் வேனுக்குப் பணம் கட்டியிருப்போம். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு எனக் கூறும் அநேகாந்தம், முடிவெடுக்காமல் நிற்கச் சொல்வதன்று. எல்லாப் பக்கமும் கண்டு முடிவெடுத்து, பின்னரும் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்வது. ஆண்டுதோறும் தேர்வு விடுமுறையில் ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் குழந்தை இன்னும் வினாக் கேட்கிறதா? கேட்கிறதாயின் பள்ளி நன்று. கேட்கவில்லையெனில், பள்ளியை மாற்ற அஞ்சாதீர்கள். நான் அஞ்சினேன்; அதனால்தான் சொல்கிறேன்.