வயலில் நின்றுபோன லாண்ட்மாஸ்டர்: கோளாறு பம்பிலா, பில்டரிலா?



கோலியர்ஸ் வுட், ரூட்டிங், மிச்சம் பக்கத்தில் வாழும் எங்களில் பலருக்கு ஊர் வயலோடு தொடர்பு இன்னும் அறுந்துவிடவில்லை. அண்ணனோ மச்சானோ கிளிநொச்சியிலோ மன்னாரிலோ விதைக்கிறார். இங்கிருந்து காசு சேர்த்து ஓர் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எடுத்துக் கொடுத்திருப்போம். காலபோகம் தொடங்க, ஒக்டோபர் அளவில் ஒரு தொலைபேசி வரும். "மிசின் வயலுக்குள்ள நிண்டு போச்சு. பம்ப் போட்டுதாம். கொஞ்சக் காசு அனுப்ப ஏலுமோ?"

பம்ப் என்பது பெரிய செலவு. அதைவிடப் பெரியது, மழை பெய்து மண் பதமாயிருக்கும் அந்த ஒரு கிழமை கைவிட்டுப் போவது. ஆனால் இப்படி நிற்கும் இயந்திரங்களில் எத்தனையோ, பம்பில் ஒரு பிழையும் இல்லாமல், டீசல் பில்டர் அடைத்ததால் மட்டும் நிற்கின்றன. காசு அனுப்ப முன்னர் என்ன கேட்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

குபோட்டா என்றாலும் வேறு பெயர் என்றாலும் எங்கள் ஆட்களுக்கு அது 'லாண்ட்மாஸ்டர்'தான். அந்தப் பெயர் இந்த நாட்டிலிருந்து போனது. இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்த்தன 1950களில் வடிவமைத்த இயந்திரத்தை நொட்டிங்காம் பக்கத்து லாண்ட்மாஸ்டர் நிறுவனம் செய்து விற்றது. பின்னாளில் அவரே, எங்கள் மண்ணுக்கு இந்த உழவு ஏற்றதுதானா என்று கேட்டார். அது தனிப் பேச்சு.

விசயத்துக்கு வருவோம். இந்தச் சின்ன எஞ்சினில் டீசல் போகும் பாதை எளியது. மேலே தாங்கி. அதிலிருந்து திறப்பு வழியாகத் தன் பாரத்திலேயே டீசல் கீழே இறங்கி பில்டருக்கு வரும். பில்டரில் ஒரு கிண்ணமும் அதற்குள் மடித்த கடதாசி எலிமென்றும் இருக்கும். அதைத் தாண்டி பம்ப், பம்பிலிருந்து நொசில்.

முதலில் கேளுங்கள்: "எப்படி நிண்டது?" சும்மா ஓடும்போது நன்றாக ஓடி, கலப்பை மண்ணில் இறங்கியதும் இழுவை குறைந்து நின்றதா? பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சுற்றினால் மறுபடி இயங்கி, மறுபடி நிற்கிறதா? அப்படியானால் டீசல் போதாமல் நிற்கிறது. அடைத்த பில்டர் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பாரமில்லாத ஓட்டத்துக்கு அது போதும், உழவுக்குப் போதாது. நிற்கும் நேரத்தில் பில்டர் மெல்ல நிரம்புவதால் கொஞ்சம் ஓடுகிறது.

அடுத்தது புகை. இழுவை குறையும்போது கரும்புகை தள்ளினால் டீசல் பில்டரை விட்டுவிட்டுக் காற்று பில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் வராவிட்டால் கரும்புகைக்கு இடமில்லை.

மூன்றாவது கேள்வி சிரிப்பாக இருக்கும், ஆனால் கேளுங்கள்: "தாங்கி மூடி எங்கே?" மூடி தொலைந்து, பொலித்தீன் பையை இறுக்கிக் கட்டியிருந்தால் உள்ளே காற்றுப் போக வழியில்லை. காற்றுப் போகாவிட்டால் டீசல் இறங்காது. சொந்த மூடி இருந்தாலும் அதிலுள்ள சின்னத் துளையைச் சேறு அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் எழும்பினால் வேலை முடிந்தது.

எழும்பாவிட்டால், திறப்பைப் பூட்டிவிட்டு, பில்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, திறப்பைத் திறந்து ஒரு போத்தலில் பிடிக்கவேண்டும். சீராக ஓடி வந்தால் தாங்கியும் குழாயும் சரி. வராவிட்டால் அடைப்பு மேலே. பிறகு அதே சோதனையை பில்டரைத் தாண்டிய பக்கம் செய்யவேண்டும். இங்கே நன்றாக, அங்கே சொட்டாக என்றால் குற்றவாளி பில்டர்தான். கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தண்ணீர் மணிமணியாக நிற்கும். கறுப்பும் மண்ணிறமுமாக வழுவழுப்பாக ஏதாவது இருந்தால், அது தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்க் கூட்டம். அப்போது தாங்கியையே கழுவவேண்டும். பில்டர் மட்டும் மாற்றினால் இரண்டு நாளில் மறுபடி அடைக்கும்.

எலிமென்றைப் பெற்றோலில் கழுவி, காற்றடித்துப் போடுவது ஊர் வழக்கம். கடதாசி கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. புதிதாகப் போடுங்கள். அவசரத்துக்கு பில்டரே இல்லாமல் ஓட்டுவது அதைவிட மோசம். பம்புக்குள் உள்ள உலக்கைக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் ஒருசில மைக்கிரோன் இடைவெளிதான். எங்கள் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்கிரோன். மெல்லிய மணல் போனாலே பம்ப் தேயும். பொய்யாகச் சொன்ன பம்ப் செலவு அப்போது உண்மையாகிவிடும்.

மாற்றிய பின் குழாயில் தங்கிய காற்றை எடுக்கவேண்டும். சில மாதிரிகளில் அது தானே வெளியேறும். மற்றவற்றில் பம்பின் பக்கத்து ஆணியைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டுப் பூட்டவேண்டும். நொசில் பக்கம் கையை வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே அழுத்தம் 100 பாருக்கு மேல், தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால் காயம் ஊசிக்குத்துப் போலச் சின்னதாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

அழுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கானிலிருந்து. 1990க்குப் பிறகு வடக்கில் எரிபொருள் தடை இருந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள். வேறு வழி இருக்கவில்லை. ஆனால் டீசலின் பிசுக்குத்தான் பம்புக்கு எண்ணெய். மண்ணெண்ணெயில் அது குறைவு. 2022இல் மறுபடி ஒரு சோதனை வந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் யூன் கடைசியில் 460. மண்ணெண்ணெயோ ஓகஸ்ற் நடுப்பகுதி வரை 87 ரூபா. கலக்க ஆசை வராதா? கிடைத்ததைக் கிடைத்த பீப்பாவில் சேர்த்தும் வைத்தார்கள். அந்தப் பீப்பாக்கள் சில இன்னும் கொட்டிலில் நிற்கும். அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சேமித்த டீசலை ஒருநாள் அசையாமல் வைத்து, மேலே உள்ளதை மட்டும் எடுத்து, அடியிலுள்ளதை விடவேண்டும். பழைய சாரத்துணியால் வடிக்கக்கூடாது, அதன் நூலே பில்டரை அடைக்கும். மெல்லிய கம்பி வலை போட்ட புனல் நல்லது. வேலை முடிந்த மாலையில் தாங்கியை நிரப்பிவிட்டால் இரவுக் குளிரில் உள்ளே நீர் வியர்க்க இடமிருக்காது.

இங்கிருந்து எலிமென்றோ கம்பி வலைப் புனலோ அனுப்ப நினைப்பவர்கள், எஞ்சினில் அடித்திருக்கும் மாதிரி இலக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எலிமென்று வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். இவ்வளவும் பார்த்து, புது பில்டரும் போட்டு, அப்போதும் பாரத்தில் நிற்கிறது என்றால் பம்பைக் கழற்றலாம். கழற்றுபவரிடம் நொசிலையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.