வேஷம் ஒருவழிப் பாதையா?

(மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமா பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் சினிமா விமர்சகன் இல்லை. கவிதை எழுதுறவன், பகலில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுறவன். எண்ணிப் பார்க்காமல் எந்தக் கட்டையும் வாங்கக் கூடாது என்பது எங்க தொழில் பழக்கம். சினிமா விருதுகளையும் அப்படி ஒருதரம் எண்ணிப் பார்த்தால் என்ன?

டீக்கடையில் ஒரு பழைய சண்டை உண்டு. சிவாஜிக்குக் கடைசிவரைக்கும் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆருக்கு 1971ஆம் ஆண்டுக்கான விருது 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காகக் கிடைத்தது. இது நியாயமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துவாங்க. அந்தச் சண்டையில் நிஜ ரிக்‌ஷாக்காரன் எந்தப் பக்கமும் வருவதில்லை. அவன் டிக்கெட் எடுத்து, தரையில் உட்கார்ந்து, விசில் அடித்ததோடு சரி. யாருடைய வாழ்க்கை விருது வாங்கியதோ, அவன் பார்வையாளனாகவே இருந்துவிட்டான்.

யாரும் யாராகவும் நடிக்கலாம், அதுதானே நடிப்பு என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஜப்பார் படேல் இயக்கிய படத்தில் மம்முட்டி அண்ணல் அம்பேத்கராக நடித்தார். 1998ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருதை அஜய் தேவ்கனோடு பகிர்ந்துகொண்டார். நன்றாகவே நடித்தார், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கேள்வி வேறே. இந்த வேஷம் போடுகிற சுதந்திரம் இரண்டு பக்கமும் இருக்கா? மேலே இருக்கிறவன் இறங்கி வந்து நடித்தால் கலை. கீழே இருக்கிறவள் ஏறிப்போய் நடித்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதற்கு நம்ம பக்கத்து மண்ணிலேயே சாட்சி இருக்கு. அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல், 1920களின் கடைசியில் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம். அதில் நாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண். அவர் போட்ட வேஷம் நாயர் பெண். ஒரு புலையப் பெண் திரையில் நாயர் பெண்ணாக வருவதா என்று திருவனந்தபுரத்தில் கலவரம் செய்தார்கள் ஆதிக்க சாதியினர். திரையில் கல் விழுந்தது. ரோசியின் வீட்டைக் கொளுத்தினார்கள் என்றும் சொல்கிறார்கள். அவர் ஊரைவிட்டே ஓடி நாகர்கோவில் பக்கம் வந்து, பெயர் தெரியாத பெண்ணாக வாழ்ந்து முடித்தார். அப்புறம் அவர் நடிக்கவில்லை. அந்தப் படத்தின் பிரதியும் இன்றைக்கு இல்லை.

பின்கதையையும் கேளுங்கள். 1992இல் கேரள அரசு டேனியல் பெயரில் விருது ஏற்படுத்தியது. இந்தக் கதையையே வைத்து எடுத்த 'செல்லுலாய்டு' படம் 2012ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த பட விருதை வாங்கியது. டேனியலாக நடித்தவருக்குச் சிறந்த நடிகர் விருது. அடி வாங்கியவள் ஒருத்தி, மேடை ஏறியவர்கள் வேறு ஆட்கள். படம் எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களால்தான் நிறையப் பேருக்கு ரோசியைத் தெரிந்தது. ஆனால் கணக்கு என்று வந்தால் இதையும் எழுதத்தானே வேணும்?

இது இந்தியாவோடு நிற்கிற சங்கதியும் இல்லை. கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டானியல் 1940இல் ஆஸ்கர் வாங்கினார். படம் 'கான் வித் த விண்ட்', வேஷம் வேலைக்காரி. அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவர் போக முடியவில்லை, நிறவெறிச் சட்டம் தடுத்தது. விருது வழங்கிய ஓட்டலிலும் சக நடிகர்களோடு உட்கார வைக்காமல் சுவரோரம் தனி மேசை போட்டார்கள். நம்ம ஊர் டீக்கடைத் தனிக்குவளை ஞாபகம் வருதா? அவருக்குப் பிறகு இன்னொரு கறுப்பினப் பெண் நடிப்புக்காக ஆஸ்கர் வாங்க 1991 வரை ஆனது. ரோசிக்குப் 'பெரிய வீட்டு'ப் பெண்ணாக நடித்ததற்குக் கல். ஹாட்டிக்கு வேலைக்காரியாகவே நடித்ததற்கு விருது. இரண்டும் சொல்வது ஒரே விஷயம்: உனக்குக் கொடுத்த இடத்திலேயே இரு.

இதற்காக விருதே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லவில்லை. நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' மராத்திப் படத்தில் பன்றி பிடிக்கிற வீட்டுப் பையனாக வந்த சோம்நாத் அவ்கடேக்கு 2013ஆம் ஆண்டுக்கான சிறந்த குழந்தை நட்சத்திர தேசிய விருது கிடைத்தது. சந்தோஷம். 'அசுரன்' விருது வாங்கியதும் சந்தோஷம்தான். ஆனால் சாதிப் பெயரையே தலைப்பில் வைத்த 'தேவர் மக'னும் 1992ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம்தான். 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளை 2023இல் அறிவித்தபோது 'ஜெய் பீம்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை' மூன்றுக்கும் ஒன்றுமே இல்லை. ஆக, நடுவர்கள் பூசுகிற பொன்னை உரைகல்லாக எடுத்துக்கொண்டு நாம் நல்ல படம், கெட்ட படம் பார்க்க முடியாது. உரைகல் நம்மகிட்ட இருக்கணும்.

அதற்கு மூணே கேள்வி. கதையில் வலி யாருடையது? அந்த வலியைச் சொல்ல வாய் யாருக்குக் கொடுத்திருக்கு? சேரியிலிருந்து வந்த பிள்ளைக்கு அடியாள், பிணம், கூட்டத்தில் ஒருத்தன் என்கிற வேஷத்தைத் தாண்டி என்ன வேஷம் கிடைத்தது? டாக்டராக, வக்கீலாக, காதலனாக, சும்மா சந்தோஷமாக இருக்கிற மனுஷனாக நம்ம முகம் எத்தனை படத்தில் வந்திருக்கு? முகம் ஹீரோ மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிற பையன்களை எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்கே அது நடந்திருக்கலாம். அந்த 'ஹீரோ மாதிரி' என்கிற வார்த்தைக்குள்ளே இருக்கிறது சாதி.

ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போவீர்கள். கூத்தில், பறையாட்டத்தில், தெரு நாடகத்தில் இருக்கிற நம்ம ஆட்களின் பெயரை, யார் என்ன வேஷம் கட்டினார்கள் என்பதை, ராஜா வேஷம் கட்டினதுக்காக யாருக்காவது அடி விழுந்ததா என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். விருதுப் பட்டியலை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ரோசி நடித்த காட்சி ஒன்றுகூட நம்ம கையில் இல்லை. மற்றவர்களின் பெயராவது தப்பட்டும்.

ஜெய்பீம்.