பத்து மாதப் பேதிக்குத் தண்ணீர் காரணமில்லை

(நமது சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த விஷயத்தை நாலு பேர் முன்னால் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூச்சத்தால்தான் பத்து மாதங்களை வீணாக்கினேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றே பேச வந்தேன்.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆன சில வாரங்களில் லூஸ் மோஷன் தொடங்கியது. தினமும் ஆறேழு முறை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஓட வேண்டும். பெரம்பூரில் வயிறு கெட்டால் முதலில் குழாய்த் தண்ணீரைத்தானே திட்டுவோம்? கேன் தண்ணீருக்கு மாறினேன். மாதுளைத்தோல் கஷாயம் குடித்தேன். கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக்கும் விழுங்கினேன். எதுவும் கேட்கவில்லை. 29சி பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டேன். தங்கை மகள் கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில் நான் மண்டபத்துக் கழிப்பறையில் இருந்தேன்.

கிருமியால் வரும் பேதி பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். 4 வாரத்தைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். குடல் நோய் மருத்துவர்தான் எனக்கு விளக்கினார். கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்கள் கொழுப்பைச் செரிக்க உதவுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்புகிறது. அளவுக்கு மீறிப் பெருங்குடலுக்குள் போனால், அங்கே தண்ணீர் சுரந்து பேதியாகிறது.

பித்தப்பை எடுத்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் காசநோயோ கிரோன் நோயோ வந்தவர்களுக்கும், அப்பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கும் வரலாம். ‘ஐ.பி.எஸ்., டென்ஷன்தான்’ என்று அனுப்பப்பட்ட சிலருக்கும் உண்மையில் இதுவே காரணமாக இருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? சில வெளிநாடுகளில் ‘செகாட்’ என்ற மாத்திரையைக் கொடுத்து, 7 நாள் கழித்து உடலில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்கிறார்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த நோய். அந்த வசதி நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. எனக்கு இரத்தம், மலம், தைராய்டு, கொலோனோஸ்கோபி எல்லாம் பார்த்து மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்தபின், மருந்தைக் கொடுத்தே சோதித்தார்கள்.

மருந்தின் பெயர் கொலஸ்டிரமின். பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். ஒரு வாரத்தில் எனக்குப் பெரிய மாற்றம் தெரிந்தது. எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்துக்கொண்டேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பொடி மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனம். பொடிக்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோதான் அவற்றைச் சாப்பிட வேண்டும். மலச்சிக்கல், வயிற்று உப்புசம் வரலாம். நீண்ட நாள் எடுத்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையக்கூடும். அதனால் டாக்டரைக் கேட்காமல் யாரும் வாங்காதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள்; அந்த மாத்திரையாலும் பேதி வரும்.

மலத்தில் இரத்தம், எடை குறைவு, காய்ச்சல், தூக்கத்தில் எழுப்பும் பேதி, இரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

போன மாதம் 29சி-யில் ஏறி, பெசன்ட் நகர் வரை உட்கார்ந்து போய் வந்தேன். யாருக்காவது கேட்கக் கூச்சமாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் தனியாக வாருங்கள்.