71 அடி அணைக்கு 66 அடியில் எச்சரிக்கை



‘இணையத்தின் வெற்றிக்குக் காரணம் வேகமே’ என்று முழங்கிவிட்டுப் போனார் எதிரணி நண்பர். ஐயா, வேகத்தை மட்டும் நம்பியிருந்தா இணையம் என்னைக்கோ மூச்சு முட்டிச் செத்திருக்கும்!

1986 அக்டோபர். அமெரிக்காவிலே பெர்க்லி. 400 கெஜ தூரத்தில் இரண்டு இடங்கள். விநாடிக்கு 32,000 பிட் போன பாதையில் வெறும் 40 பிட்தான் போச்சு! ஏன்? போய்ச் சேராததை அத்தனை பேரும் மறுபடி மறுபடி அனுப்பினார்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது எல்லாரும் முண்டினால் யாராவது நகர முடியுமா? (சிரிப்பு)

ரௌட்டர் என்கிற பெட்டியைக் கண்மாய்னு வச்சுக்குங்க. தகவல் பொட்டலங்கள் வரிசையில் தேங்கும் இடம் அது. 1993-ல் சாலி ஃபிளாய்ட் என்ற அம்மையாரும் வான் ஜேக்கப்சனும் ஒரு வழி சொன்னார்கள். வரிசை நிரம்பும் முன்பே ஒன்றிரண்டு பொட்டலத்தை வேண்டுமென்றே கைவிடு. அனுப்புகிறவன் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பான்.

இது நமக்குப் புதுசா? வைகை அணை 71 அடி. முதல் எச்சரிக்கை 66 அடியில்! அடுத்து 68.5. மூன்றாவது 69. நிரம்பி வழிஞ்சப்புறம் சங்கு ஊதினா யாருக்கு ஐயா பிரயோசனம்? (கைதட்டல்)

சரி, எவ்வளவு குறைப்பது? அங்கேதான் கட்டுப்பாட்டியல் வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஆர். ஸ்ரீகாந்த், இணைய நெரிசலின் கணிதம் பற்றி 2004-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

எனக்கு அந்தப் பாடத்தைச் சொன்னவர் என் அப்பா. மேலூர்ப் பக்கம் எங்க ஊர்க் கண்மாயில் மடை பார்த்தவர். ஒருநாள் என்னை நிறுத்திட்டுச் சாப்பிடப் போனார். ‘கடைமடைக்குத் தண்ணி வரலே’ன்னு சத்தம் வந்தது. முழுசாத் திறந்தேன். வயல் முழுகுதுன்னாங்க, முழுசா அடைச்சேன். காயுதுன்னாங்க, மறுபடி திறந்தேன். பக்கத்து வயல் நாற்று அழுகிப் போச்சு. அப்பா அடிக்கலே. நாற்றுக்கு நெல் அளந்து கொடுத்துட்டு வந்து சொன்னார்: “நீ இப்போ திறக்கிற தண்ணி கடைமடை போக நேரமாகும்டா. கொஞ்சம் திற. சேதி வர்ற வரைக்கும் பொறு.”

சேதி தாமதமாக வரும் இடத்தில் பதறிப் பெரிதாகத் திருத்தினால், ஆட்டம்தான் கூடும். கட்டுப்பாட்டியல் கணக்குப் போட்டுச் சொல்வதும் அதுவே.

வீட்டுக்கும் அதே விதிதான் அம்மா! கோபம் 66 அடியில் இருக்கும்போதே வாயைத் திறந்து சொல்லிடுங்க. 71 வரைக்கும் தேக்காதீங்க. சொன்னபின், பிள்ளை திருந்தக் கொஞ்சம் நேரமும் கொடுங்க.

ஆகவே, காப்பாற்றுவது விவேகமே! (கைதட்டல்)